அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் இலவச உணவும் சலுகை விலை உணவும்: மாநில நிதி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் பள்ளியிலிருந்து வரும் தாள்களில் உணவுச் சலுகைப் படிவமும் ஒன்று. அது தங்களுக்கு உரியதன்று என்று எண்ணிப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தப் படிவத்துக்கும் மாநில அரசின் கருவூலத்துக்கும் உள்ள தொடர்பை விளக்குவதே இந்தப் பக்கத்தின் நோக்கம். வேறு ஆண்டு குறிப்பிடப்படாத இடங்களில், தொகைகள் எல்லாம் 2024–25 கல்வியாண்டுக்கும் அமெரிக்காவின் நிலத்தொடர்ச்சியுள்ள 48 மாநிலங்களுக்கும் உரியவை. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தனி விகிதங்கள் உண்டு.

பள்ளிச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுப்பது கூட்டாட்சி அரசா, மாநில அரசா?

பெரும்பகுதியைக் கூட்டாட்சி அரசின் வேளாண்மைத் துறை கொடுக்கிறது. ஆனால் அது பள்ளிக்கு மொத்தமாக ஒரு தொகையை ஒதுக்குவதில்லை. பரிமாறப்பட்ட ஒவ்வொரு தட்டுக்கும் கணக்குப் பார்த்து, பின்னர் ஈடுசெய்கிறது. இலவசப் பிரிவில் உள்ள பிள்ளை உண்ட ஒரு மதிய உணவுக்கு 4.43 டாலர், சலுகை விலைப் பிரிவுக்கு 4.03 டாலர், முழு விலை கொடுக்கும் பிள்ளைக்கு 42 சென்ட் என்பதே அடிப்படை விகிதம். காலை உணவுக்கு இதே வரிசையில் 2.37 டாலர், 2.07 டாலர், 39 சென்ட். சத்து விதிகளைப் பின்பற்றும் பள்ளிகளுக்கும் ஏழை மாணவர் மிகுந்த பள்ளிகளுக்கும் சில சென்ட்டுகள் கூடுதலாக வரும். பணத்தோடு, வேளாண்மைத் துறை கொள்முதல் செய்யும் பாலாடைக்கட்டி, இறைச்சி, பழம் போன்ற பொருள்களும் பள்ளிக்குக் கிடைக்கின்றன.

இந்தப் பணம் வேளாண்மைத் துறையிலிருந்து மாநிலக் கல்வித் துறை அல்லது மாநில வேளாண்மைத் துறை வழியாகப் பள்ளி மாவட்டத்தின் உணவுக் கணக்குக்குப் போய்ச் சேர்கிறது. அது இலாப நோக்கற்ற தனிக் கணக்கு. அதிலிருந்து ஆசிரியர் சம்பளமோ கட்டடச் செலவோ கொடுக்க முடியாது. மாநிலத்தின் சொந்தப் பணமும் இதே கணக்கில்தான் வந்து சேர்கிறது. ஒரு மாநிலத்துக்கும் அடுத்த மாநிலத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த மாநிலப் பணத்தின் அளவில்தான் இருக்கிறது.

மாநில அரசு கட்டாயமாக எவ்வளவு தர வேண்டும்?

வியப்பூட்டும் அளவுக்குச் சிறிய தொகை. இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

1946 ஜூன் 4 அன்று அதிபர் ஹாரி ட்ரூமன் கையெழுத்திட்ட தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம், கூட்டாட்சி தரும் ஒவ்வொரு டாலருக்கும் ஈடாக மாநிலத்துக்குள்ளிருந்து ஒரு டாலர் திரட்டப்பட வேண்டும் என்றது. சில ஆண்டுகளில் இந்த ஈடு ஒன்றரை டாலராகவும், பிறகு மூன்று டாலராகவும் உயர்ந்தது. காகிதத்தில் பார்த்தால் மாநிலங்களின் மீது பெரும் சுமை. ஆனால் 'மாநிலத்துக்குள்ளிருந்து' என்பதில் பிள்ளைகள் உணவு வாங்கக் கொடுத்த காசையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது. ஆகவே பல மாநிலங்கள் தம் கருவூலத்தைத் தொடாமல், பிள்ளைகளின் சில்லறையைக் காட்டியே கூட்டாட்சிப் பணத்தைப் பெற்றன. காசு கொடுக்க முடியாத பிள்ளைகள் மிகுந்த பள்ளியில் காட்டுவதற்குச் சில்லறையும் இல்லை. அங்கே திட்டமும் மெலிந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச உணவு என்ற உறுதி நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோலோடு வந்தது 1970-க்குப் பிறகுதான்.

பின்னர், ஒரு பகுதியாவது உண்மையான மாநில வருவாயாக இருக்க வேண்டும் என்று விதி மாறியது. இன்று நடைமுறையில் உள்ள கணக்கு இதுதான்: 1980–81 கல்வியாண்டில் ஒரு மாநிலம் பொதுவான மதிய உணவு உதவியாகப் பெற்ற கூட்டாட்சிப் பணத்தில் 30 விழுக்காட்டை அந்த மாநிலம் தன் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் தர வேண்டும். தலா வருமானம் தேசியச் சராசரிக்குக் கீழே இருந்தால் அதுவும் குறையும். நாற்பது ஆண்டுக்கு மேல் விலைவாசி எங்கோ போய்விட்டது. அடிப்படை ஆண்டு மட்டும் அங்கேயே நிற்கிறது. எனவே, "எங்கள் மாநிலமும் பள்ளி உணவுக்குப் பணம் தருகிறது" என்று ஓர் அரசியல்வாதி சொன்னால், இந்தக் கட்டாயப் பங்கைச் சொல்கிறாரா, அதற்கு மேல் விரும்பிக் கொடுப்பதைச் சொல்கிறாரா என்று கேட்பது நியாயமான கேள்வி.

இலவசம், சலுகை விலை ஆகியவற்றுக்கான வருமான வரம்பு என்ன?

கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 130 விழுக்காடு வரை வருமானமுள்ள குடும்பத்தின் பிள்ளைக்கு உணவு இலவசம். 130-க்கு மேல் 185 விழுக்காடு வரை என்றால் சலுகை விலை. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 2025–26 கல்வியாண்டில் இந்த வரம்புகள் முறையே ஆண்டுக்கு 41,795 டாலரும் 59,478 டாலரும் ஆகும். இது வரிப் பிடித்தத்துக்கு முந்தைய வருமானம். வரம்பு ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 முதல் மாறும்.

குடும்பம் 'ஸ்நாப்' எனப்படும் உணவு உதவியைப் பெற்றால் படிவமே தேவையில்லை. மாநிலத்தின் பட்டியலோடு பள்ளியின் பட்டியலை ஒப்பிட்டு, அந்த வீட்டுப் பிள்ளைகள் அனைவரையும் நேரடியாகச் சேர்த்துவிடுவார்கள். வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகள், வீடற்ற பிள்ளைகள், இடம்பெயரும் தொழிலாளர்களின் பிள்ளைகள் ஆகியோருக்கும் இலவசம். குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட்டின் பட்டியலும் பல மாநிலங்களில் இவ்வாறே பயன்படுகிறது.

சலுகை விலை என்பது வெறும் 40 சென்ட்தானே? அதை மாநிலங்கள் ஏன் ஏற்றுக்கொள்கின்றன?

மதிய உணவுக்கு 40 சென்ட், காலை உணவுக்கு 30 சென்ட் என்பது 1981-இல் அதிபர் ரேகன் காலத்து வெட்டுகளின்போது நிலைபெற்ற உச்சவரம்பு, இன்றும் அதுவே. ஒரு நாளைக்கு 70 சென்ட் பெரிதல்ல என்று தோன்றலாம். இரண்டு பிள்ளைகள், 180 பள்ளி நாட்கள் என்று கணக்கிட்டால் 252 டாலர் ஆகிறது. வாடகையும் கார்த் தவணையும் போக மாதக் கடைசியில் கையில் ஒன்றும் தங்காத குடும்பத்துக்கு அது பணம்தான்.

பள்ளியின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இந்தப் பிரிவு ஒரு தொல்லை. ஒரு பிள்ளையிடம் 40 சென்ட் வசூலிக்க ஒரு கணக்கு, நினைவூட்டல் கடிதம், நிலுவைப் பட்டியல் என்று ஆகும் செலவு, வசூலாகும் தொகைக்கு ஈடாகாது. மாநிலம் அந்த 40 சென்ட்டைத் தானே கொடுத்துவிட்டால், கூட்டாட்சியின் 4.03 டாலரோடு சேர்ந்து அந்தத் தட்டு இலவசத் தட்டாகிவிடுகிறது. பிள்ளைகளை நேரடியாகச் சென்றடையும் செலவுகளில் இதைவிடச் சிக்கனமானது ஒரு மாநிலத்துக்குக் கிடைப்பது அரிது என்பது என் கருத்து. மேரிலாந்து, வாஷிங்டன், ஆர்கன்சா உள்ளிட்ட மாநிலங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் இதைச் செய்தன. ஆர்கன்சா ஒரு படி மேலே போய், 2025–26 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலை உணவை இலவசமாக்கியது. அதற்கான பணம் மருத்துவக் கஞ்சா மீதான வரியிலிருந்து வருகிறது.

தமிழர்கள் நிறைந்த நியூ ஜெர்சி வேறு வழியில் போனது. 2022-இல் இயற்றிய சட்டத்தால், 2023–24 முதல் வறுமைக்கோட்டின் 199 விழுக்காடு வரை இலவச உணவு என்று வரம்பை உயர்த்தியது. அடுத்த ஆண்டே அதை 224 விழுக்காடாக்கியது. நான்கு பேர் குடும்பத்துக்கு 2024–25-இல் இது 69,888 டாலர். கூட்டாட்சிக் கணக்கில் முழு விலைப் பிரிவில் நிற்கும் பிள்ளை நியூ ஜெர்சியில் இலவசமாக உண்ணலாம். இடைவெளியை மாநிலம் நிரப்புகிறது. ஒருவர் சம்பளத்தில் ஓடும் தமிழ்க் குடும்பங்கள் சிலவும் இந்த வரம்புக்குள் வரக்கூடும் என்பதால், "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட வேண்டாம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு தரும் மாநிலங்கள் எவை? பணம் எங்கிருந்து வருகிறது?

கோவிட் காலத்தில், 2020 மார்ச் முதல் 2022 ஜூன் வரை, படிவமின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு தரக் கூட்டாட்சி அரசு விதிகளைத் தளர்த்தியது. தளர்வு முடிந்தபோது பல மாநிலங்கள் பழைய நிலைக்குத் திரும்பின, சில மறுத்தன. கலிஃபோர்னியாவும் மெய்னும் 2022–23 முதல் நிரந்தரமாக எல்லாருக்கும் இலவசம் என்று அறிவித்தன. அடுத்த ஆண்டில் கொலராடோ, மினசோட்டா, நியூ மெக்சிகோ, வெர்மான்ட், மிச்சிகன், மாசசூசெட்ஸ் ஆகியவை சேர்ந்துகொண்டன. நியூயார்க் மாநிலம் 2025–26 முதல் சேர்ந்தது.

பணம் வரும் வழி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மாசசூசெட்ஸில் 2022 நவம்பரில் வாக்காளர்கள், ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்தின் மீது 4 விழுக்காடு கூடுதல் வரிக்கு ஒப்புதல் தந்தார்கள். 2023-இல் பள்ளி உணவு நிரந்தரமானபோது அந்த வரியே ஆதாரமாயிற்று. வெர்மான்ட்டில் சொத்து வரி சேரும் கல்வி நிதியிலிருந்து தருகிறார்கள். மிச்சிகனில் இது ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் புதுப்பிக்கப்படும் ஒதுக்கீடு. ஆகையால் அங்குள்ள பெற்றோர் ஒவ்வொரு கோடையிலும் செய்தியைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

கொலராடோவின் அனுபவம் தனியாகச் சொல்லத் தக்கது. 2022-இல் வாக்காளர் ஏற்ற முன்மொழிவின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் டாலருக்கு மேற்பட்டவர்களின் வரிக் கழிவுகளுக்கு உச்சவரம்பு விதித்து (தனிநபருக்கு 12,000, கூட்டாகத் தாக்கல் செய்வோருக்கு 16,000 டாலர்) அந்தப் பணத்தைப் பள்ளி உணவுக்கு ஒதுக்கினார்கள். இலவசம் என்றவுடன் உண்ண வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை மதிப்பீட்டைத் தாண்டியது, பணம் போதவில்லை. 2025 நவம்பரில் மீண்டும் வாக்காளரிடம் போய், அந்த உச்சவரம்பை 1,000 மற்றும் 2,000 டாலராக இறுக்கி ஒப்புதல் பெற்றார்கள். கணக்குப் பிசகியது உண்மைதான். ஆனால் அது பிசகியதற்குக் காரணம் பிள்ளைகள் சாப்பிட்டது.

எங்கள் மாநிலத்தில் எல்லாருக்கும் இலவசம். அப்படியிருக்க, படிவத்தை ஏன் நிரப்ப வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

'எல்லாருக்கும் இலவசம்' என்பது பெற்றோருக்குத் தெரியும் முகம். கணக்கேட்டில் பழைய மூன்று பிரிவுகள் அப்படியே இருக்கின்றன. பள்ளி ஒரு தட்டைப் பரிமாறினால், அந்தப் பிள்ளை எந்தப் பிரிவு என்று பார்த்துக் கூட்டாட்சி தன் பங்கைத் தருகிறது. இலவச விகிதத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதை மாநிலம் நிரப்புகிறது. படிவம் தராத பிள்ளை, வீட்டு வருமானம் எதுவாக இருந்தாலும், முழு விலைப் பிரிவில்தான் எழுதப்படும்.

எடுத்துக்காட்டாக, நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் வருமானம் 38,000 டாலர் என்று கொள்வோம். படிவம் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளையின் ஒரு மதிய உணவுக்குக் கூட்டாட்சி 4.43 டாலர் தந்திருக்கும். கொடுக்காததால் 42 சென்ட்தான் தரும். மீதி 4.01 டாலர் மாநிலத்தின் தலையில் விழும். 180 நாட்களுக்கு இது 721 டாலர் 80 சென்ட். காலை உணவையும் சேர்த்தால் நாளுக்கு இன்னொரு 1.98 டாலர், ஆண்டுக்கு 356 டாலர் 40 சென்ட். ஆக, நிரப்பப்படாத ஒரு படிவத்தால் ஒரே பிள்ளைக்காக 1,078 டாலர் 20 சென்ட் கூட்டாட்சிக் கருவூலத்திலிருந்து வர வேண்டியது வராமல், மாநில வரி செலுத்துவோரின் பணத்திலிருந்து போகிறது. குடும்பத்துக்கு இதில் ஒரு காசு நட்டமில்லை. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

இதோடு முடிவதில்லை. பள்ளிகளுக்கான பிற நிதிகள் பலவும் ஏழை மாணவர் எண்ணிக்கையை வைத்தே பகிரப்படுகின்றன; அந்த எண்ணிக்கை பல இடங்களில் இந்தப் படிவத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. கலிஃபோர்னியாவின் பள்ளி நிதிச் சூத்திரத்தில் குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளை, ஆங்கிலம் கற்கும் பிள்ளை, வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பிள்ளை ஆகிய ஒவ்வொருவருக்கும் அடிப்படைத் தொகைக்கு மேல் 20 விழுக்காடு கூடுதலாக வருகிறது; இத்தகையோர் 55 விழுக்காட்டைத் தாண்டும் மாவட்டங்களுக்கு அதற்கு மேலும் உண்டு. அந்தப் பணம் போவது சமையலறைக்கு அன்று, வகுப்பறைக்கு.

வரம்புக்கு மிக மேலே வருமானம் உள்ளவர்கள் நிரப்புவதால் உணவுக் கணக்கில் மாற்றமில்லை. ஆனால் வரம்பின் அருகில் இருப்பவர்கள் தாமாகவே ஊகித்து ஒதுங்காமல், கணக்குப் பார்த்துவிடுவது நல்லது.

எங்கள் பள்ளியில் வருமானப் படிவமே கொடுப்பதில்லை. அது எப்படி?

உங்கள் பள்ளி சமூகத் தகுதி ஏற்பாட்டில் சேர்ந்திருக்கலாம். 2010-இல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தின் வழியே வந்தது இது. 'ஸ்நாப்' போன்ற பட்டியல்கள் மூலம் நேரடியாக அடையாளம் காணப்பட்ட மாணவர் விகிதம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், அந்தப் பள்ளி அனைவருக்கும் இலவசமாக உணவளிக்கலாம். அந்த அளவு முதலில் 40 விழுக்காடாக இருந்தது; 2023-இல் 25 ஆகக் குறைக்கப்பட்டது.

ஆனால் தகுதி பெறுவதும் கட்டுப்படியாவதும் ஒன்றல்ல. அடையாளம் காணப்பட்ட விகிதத்தை 1.6-ஆல் பெருக்கி வரும் விழுக்காட்டுத் தட்டுகளுக்கே கூட்டாட்சி இலவச விகிதத்தில் பணம் தரும். மற்றவற்றுக்கு 42 சென்ட். 40 விழுக்காடு அடையாளம் காணப்பட்ட பள்ளி ஆயிரம் தட்டுகள் பரிமாறினால், 640 தட்டுகளுக்கு 2,835.20 டாலரும் 360 தட்டுகளுக்கு 151.20 டாலரும், மொத்தம் 2,986.40 டாலர் வரும். எல்லாத் தட்டுக்கும் இலவச விகிதம் கிடைத்தால் 4,430 டாலர். இடையில் உள்ள 1,443.60 டாலரைப் பள்ளி எங்கேயாவது தேட வேண்டும். அடையாளம் காணப்பட்டவர் 62.5 விழுக்காட்டை எட்டினால்தான் இந்தப் பள்ளம் முற்றாக மூடும். 25 விழுக்காட்டில் நிற்கும் பள்ளிக்கு மாநில உதவியில்லாமல் இதில் இறங்குவது ஏறத்தாழ முடியாத காரியம். 2023-இல் வந்த தளர்வால் பெருமளவு பயன்பட்டவை, பள்ளத்தை நிரப்பச் சொந்தப் பணம் வைத்திருந்த மாநிலங்கள்தாம்.

படிவத்தில் எதை வருமானமாக எழுத வேண்டும்?

ஒரே வீட்டில் வாழ்ந்து வரவையும் செலவையும் பகிர்ந்துகொள்ளும் அனைவரின் மொத்த வருமானத்தையும் எழுத வேண்டும். உங்களோடு தம்பி குடும்பமும் அவ்வாறு சேர்ந்து வாழ்ந்தால் அவர்களின் வருமானமும் சேரும். ஆள் எண்ணிக்கையும் கூடும். வீட்டுக்கு ஒரே படிவம் போதும். பிள்ளைக்கு ஒன்று வேண்டியதில்லை.

அதிகமாக நேரும் பிழை சம்பளக் காலத்தைத் தவறாகக் குறிப்பது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் சம்பளம் ஆண்டுக்கு 26 முறை வருகிறது. மாதம் இருமுறை வரும் சம்பளம் 24 முறைதான். பெட்டியை மாற்றிக் குறித்தால், வரம்பின் அருகில் உள்ள குடும்பம் தகுதியை இழக்கவோ தவறாகப் பெறவோ நேரும். ஏற்கப்பட்ட படிவங்களில் ஒரு சிறு பகுதியைப் பள்ளி மாவட்டம் இலையுதிர் காலத்தில் சரிபார்க்கும். அப்போது சம்பளச் சீட்டைக் கேட்டுக் கடிதம் வந்தால் பதில் அனுப்ப வேண்டும். பதில் இல்லாவிட்டால், தகுதி இருந்தும் சலுகை நின்றுபோகும்.

விசாவில் இருக்கிறோம். கிரீன் கார்டுக்குப் பாதிப்பு வருமா?

குடியுரிமை, விசா நிலை ஆகியவற்றைப் படிவம் கேட்பதில்லை. கையெழுத்திடும் பெரியவரின் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கேட்கும். எண் இல்லையென்றால் 'இல்லை' என்று குறித்தால் போதும். இலவசப் பொதுக் கல்விக்கு உரிமையுள்ள எந்தப் பிள்ளைக்கும் குடிவரவு நிலையைக் காரணம் காட்டிப் பள்ளி உணவை மறுக்கக் கூடாது என்று 1996-ஆம் ஆண்டின் நலத்திட்டச் சட்டமே சொல்கிறது. அரசு உதவியை நம்பி வாழக்கூடியவர் என்று கருதி கிரீன் கார்டை மறுக்க இடம் தரும், 'அரசுக்குச் சுமையாவோர்' குறித்த விதி 2019-இல் கடுமையாக்கப்பட்டபோதும் பள்ளி உணவு அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. 2022-இன் விதியிலும் சேர்க்கப்படவில்லை. குடிவரவு விதிகள் அடிக்கடி மாறுபவை என்பதால், விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள் தங்கள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

இலவசமாக உண்பது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

தெரியக் கூடாது என்பது சட்டம். எல்லாரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே வகை எண்ணை அழுத்தி அல்லது அட்டையைக் காட்டிச் செல்ல வேண்டும். தனி வரிசையோ வேறு நிறச் சீட்டோ கூடாது.

வசதியானவர் பிள்ளைக்கும் இலவசமாகக் கொடுப்பது வீண் அல்லவா?

நேர்மையான கேள்வி. மாநிலப் பணம் அதிகமாகச் செலவாவது முழு விலைப் பிரிவுப் பிள்ளைகளுக்குத்தான்; அவர்களில் பலர் கொடுக்க வசதியுள்ளவர்கள். அதே பணத்தில் காலை உணவை மேம்படுத்தலாம், வரம்பை நியூ ஜெர்சி போல உயர்த்தலாம் என்ற வாதத்தில் வலுவுண்டு.

மறுபக்கத்தில், வருமான வரம்பு ஒரு கூர்மையான விளிம்பு. 2025–26 வரம்பின்படி, 59,000 டாலர் வருமானமுள்ள நான்கு பேர் குடும்பத்துக்குச் சலுகை உண்டு. 60,000 என்றால் இல்லை. கலிஃபோர்னியப் பெருநகரான சான் ஹோசேயின் வாடகைக்கும் சிற்றூரின் வாடகைக்கும் ஒரே கோடு. தகுதி இருந்தும் கூச்சத்தாலோ மொழித் தடையாலோ படிவம் தராதவர்களை எந்த வரம்பும் பிடிப்பதில்லை. உயர் வருமானத்தினரிடமிருந்து வரியாகப் பெற்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டில் கொடுக்கும் மாசசூசெட்ஸ் முறை இந்தச் சிக்கலுக்கு ஓரளவு நேரான விடை என்று தோன்றுகிறது. பணத்தின் ஆதாரத்தைக் காட்டாமல் 'எல்லாருக்கும்' என்று அறிவிக்கும் மாநிலங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இல்லினாய் 2023-இல் எல்லாருக்கும் உணவு என்ற சட்டத்தை இயற்றியது. அதற்கான பணத்தை ஒதுக்கவில்லை.

எங்கள் பிள்ளை சைவம். பள்ளி உணவில் பாதியை எடுப்பதே இல்லை. அப்போதும் பள்ளிக்குப் பணம் கிடைக்குமா?

பொதுவாக உள்ள ஏற்பாட்டில், மதிய உணவின் ஐந்து கூறுகளான தானியம், புரத உணவு, காய், பழம், பால் ஆகியவற்றில் குறைந்தது மூன்றைப் பிள்ளை எடுக்க வேண்டும். அவற்றில் ஒன்று அரைக் கோப்பை காயாகவோ பழமாகவோ இருக்க வேண்டும். வரிசையின் முடிவில் நிற்கும் ஊழியர் தட்டைப் பார்த்து, "ஒரு பழம் எடுத்துக்கொள்" என்று திருப்பி அனுப்புவது இதனால்தான். அந்த ஆப்பிள் தட்டில் இல்லையென்றால் அது ஈடுசெய்யத் தக்க உணவாகாது; கூட்டாட்சியின் பணமும் வராது, அதைச் சார்ந்த மாநிலப் பணமும் வராது. ரொட்டி, ஆப்பிள், பால் எடுக்கும் சைவப் பிள்ளையின் தட்டு கணக்கில் சேரும், வயிறு நிறையுமா என்பது வேறு கேள்வி.

மருத்துவக் காரணமுள்ள உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பள்ளி மாற்று தந்தாக வேண்டும். சமயம் அல்லது விருப்பம் சார்ந்த சைவத்துக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. ஆனால் பள்ளி தரலாம், பயறு வகைகளும் தயிரும் புரத உணவாக ஏற்கப்படுகின்றன. பள்ளி மாவட்டத்தின் உணவுத் துறைக்குப் பெற்றோர் சேர்ந்து எழுதும் கடிதத்துக்கு மதிப்புண்டு.

உணவுக் கடன் என்று கடிதம் வருகிறதே, அதை மாநிலம் தள்ளுபடி செய்யுமா?

எல்லாருக்கும் இலவசமில்லாத மாநிலங்களில், கணக்கில் பணம் தீர்ந்த பிள்ளைக்கு உணவு கொடுத்தால் அது கடனாக ஏறும். திரும்ப வராத கடனைக் கூட்டாட்சி உணவுப் பணத்தைக் கொண்டு அடைக்கக் கூடாது. பள்ளி மாவட்டம் தன் பொது நிதியிலிருந்தோ நன்கொடையிலிருந்தோ அடைக்க வேண்டும். கடனுக்காகப் பிள்ளையை அவமானப்படுத்துவதைத் தடுக்கும் சட்டத்தை 2017-இல் நியூ மெக்சிகோ இயற்றியது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. கடிதம் வந்தவுடன் செய்ய வேண்டியது தகுதி உண்டா என்று பார்ப்பதுதான். ஆனால் ஒப்புதல் பொதுவாக அதற்கு முன்பே ஏறிவிட்ட கடனை அழிக்காது. தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் கடன் கூடும்.

தமிழ்நாட்டில் சத்துணவுக்குப் படிவம் இல்லை. இங்கு மட்டும் ஏன்?

தமிழ்நாட்டில் தகுதி பள்ளியைச் சார்ந்தது. 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவிலும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவிலும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்திலும் "உன் வீட்டு வருமானம் என்ன?" என்று பிள்ளையைக் கேட்பதில்லை; திட்டத்தில் உள்ள பள்ளியில் படித்தால் பந்தியில் உட்காரலாம். டில்லியின் பணத்துக்குக் காத்திராமல் மாநிலம் தன் நிதியில் முன்சென்றதும் அங்கு நடந்தது. அமெரிக்கத் திட்டமோ தட்டுக்கு இவ்வளவு என்ற ஈட்டுத்தொகையில் கட்டப்பட்டது. ஒவ்வொரு தட்டின் பின்னாலும் ஒரு வருமானம் இருந்தாக வேண்டியிருக்கிறது. சமூகத் தகுதி ஏற்பாடு, பள்ளியை அலகாகக் கொள்ளும் அந்தச் சிந்தனைக்குச் சுற்றுவழியில் வந்து சேர்ந்திருக்கிறது.

கோடை விடுமுறையில் மாநிலத்தின் பங்கு உண்டா?

2024 முதல் கோடைக்கு ஒரு பிள்ளைக்கு 120 டாலர், மளிகை வாங்கும் அட்டையாகக் கிடைக்கிறது. பயன்தொகை முழுவதும் கூட்டாட்சியுடையது. நிர்வாகச் செலவில் பாதியை மாநிலம் ஏற்க வேண்டும். அந்தப் பாதியைத் தர மனமில்லாத மாநிலங்களில் பிள்ளைகளுக்கு இது கிடைப்பதில்லை. டெக்சஸ் சட்டமன்றம் இதற்காக ஒதுக்கிய 6 கோடி டாலரை 2025 ஜூனில் ஆளுநர் கிரெக் அபாட் தம் அதிகாரத்தால் நீக்கினார்.

2025-இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தால் பள்ளி உணவுக்குப் பாதிப்பு உண்டா?

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் பள்ளி உணவு விகிதங்களைத் தொடவில்லை. 'ஸ்நாப்', மெடிகெய்ட் ஆகியவற்றின் விதிகளை இறுக்கியது. ஆனால் அவற்றின் பட்டியலிலிருந்து ஒரு குடும்பம் நீங்கினால், பள்ளியின் நேரடிப் பட்டியலிலிருந்தும் நீங்கும். அடையாளம் காணப்பட்ட விகிதம் 40-இலிருந்து 36 ஆனால், 1.6-ஆல் பெருக்கும்போது 64 என்பது 58-க்கும் கீழே இறங்குகிறது. இதே சட்டம் 'ஸ்நாப்' நிர்வாகச் செலவில் மாநிலத்தின் பங்கைப் பாதியிலிருந்து முக்கால் பங்காகவும் உயர்த்துகிறது. பள்ளத்தை நிரப்ப வேண்டிய மாநிலத்தின் கையிலிருந்தே பணம் வேறு பக்கம் போகிறது.

கல்வியாண்டின் நடுவில் வேலை போய்விட்டது. இப்போது விண்ணப்பிக்கலாமா?

எந்த நாளிலும் விண்ணப்பிக்கலாம். கடந்த ஆண்டின் வருமானம் கணக்கில்லை, தற்போதைய வருமானமே கணக்கு. பள்ளி 10 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏற்கப்பட்டால் அந்தக் கல்வியாண்டு முழுவதும் செல்லும். இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்தாலும் திருப்பித் தெரிவிக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் 30 பள்ளி நாட்கள் வரை பழைய ஒப்புதல் நீடிக்கும். அதற்குள் புதிய படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும்.